ஓமப் பொட்டலம்

நாவலப்பிட்டியிலும் மாத்தளையிலும் கடை போட்ட கொழும்புக் கொம்பனி, கண்டியிலும் திறந்து மூன்று மாதமாகிறது. மத்தியான வெயில் கண்ணாடி அலுமாரியில் விழுந்து, வரிசையாய் நிற்கும் பொட்டலங்களை மினுக்குகிறது. ஹுன்னஸ்கிரியத் தோட்டத்திலிருந்து வந்த சின்னாயி ஓமப் பொட்டலம் ஒன்றை மூக்கில் வைத்து இழுக்கிறாள். பசை நாற்றம்தான் வருகிறது. பிள்ளை பெற்று நாலு நாளான தங்கச்சி, தோட்டத்து லய வீட்டில் வயிற்று வலியால் துடித்துக்கொண்டிருக்கிறாள்.

"காசிம் நானா, பிரிச்சுக் கொஞ்சம் கையில போடுங்க. கசக்கிப் பாக்கணும்."

காசிமின் முகம் சுருங்குகிறது. இதே தெருவில் சொந்தக் கடை வைத்திருந்தபோது, கேட்காமலே அவள் உள்ளங்கையில் ஓமம் தூவியவர். கொம்பனி வந்தது, அவர் கடை மூடியது. இப்போது கழுத்துப்பட்டி கட்டி இங்கே சம்பளத்துக்கு நிற்கிறார்.

"இங்க பிரிக்க ஏலாது புள்ள. சட்டம் அப்பிடி."

பக்கத்து மேசையில் மானேஜர் கத்தி நுனியில் நீட்டும் சீஸை ஒரு வெள்ளைக்காரத் துரைசாணி மூன்றாம் தடவையாகக் கடித்துப் பார்க்கிறாள்.

"அந்தம்மா தின்னு பாக்கலாம், நான் மோந்து பாக்கக் கூடாதா? எந்த ஊரு சட்டம் நானா இது?"

சின்னாயி பொட்டலத்தைக் கிழிக்கிறாள். "ஏய்!" என்று மானேஜர் பாய்ந்து வருகிறார். அதற்குள் அவள் ஓமத்தைக் கசக்கி, உள்ளங்கையைக் காசிமின் மூக்கடியில் நீட்டிவிடுகிறாள்.

"நீங்களே சொல்லுங்க. பெத்தவளுக்கு இதக் குடுக்கலாமா?"

காசிம் குனிந்து மோந்து பார்க்கிறார். வைக்கோல் வாசனை.

"குடுக்க ஏலாது," என்கிறார், கடை முழுக்கக் கேட்கும்படி. "இது செத்த சாமான்."

மானேஜர் வாசலைக் காட்டுகிறார். யாருக்கென்று சொல்லவில்லை. இருவருமே நடக்கிறார்கள்.