குதிரைகளுக்குப் பின்னால்

“இது சதி மேடம். பச்சையான சதி!” என்று பல்லைக் கடித்தான் டெரிக். அவன் மூக்குக்கு நேர் எதிரே நாற்பது குதிரை வால்கள் ஆடிக்கொண்டிருந்தன.

ஜூலை நான்கு, அமெரிக்க சுதந்திர தின ஊர்வலம் கிளம்பப் போகிறது. வயோமிங் மாநிலத்தில் தேர்தலில் நின்று கவர்னராக ஆசைப்படுகிற எவரும் ப்ரேரி ஃபோர்க் ஊரின் இந்த ஊர்வலத்தில் நடந்தே தீர வேண்டும். ஆனால் குதிரைகளுக்குப் பின்னால் நடக்க மட்டும் எவரும் சம்மதிக்க மாட்டார்கள். நாற்பது குதிரைகள் போன தெருவில் என்ன கிடக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆர்லீன் ஹாகன் பதினாறு வருஷமாகச் சட்டமன்ற உறுப்பினர். சொந்தத் தொகுதியில் அவரைத் தெரியாத மாடுகூடக் கிடையாது. அதைத் தாண்டினால் தெரிந்த மனுஷன் கிடையாது. ஆகஸ்டில் கட்சிக்குள் வேட்பாளர் தேர்தல், கருத்துக்கணிப்பில் அவருக்குக் கடைசி இடம். இன்றைக்கும் யாரும் திரும்பிப் பார்க்காவிட்டால் திங்கட்கிழமை போட்டியிலிருந்து விலகிக்கொள்வது என்று பேசி முடித்திருந்தார்கள்.

பிரசாரத்தை நடத்துகிற டெரிக்குக்கு அதனால்தான் இந்த வயிற்றெரிச்சல். “அங்க பாருங்க, நம்மள எதுத்து நிக்கிற ராஸ் வெண்டல! பேண்டு வாத்தியத்துக்கு அடுத்த எடமாம் அவனுக்கு, செவப்புக் கார்ல, வெள்ளைத் தொப்பியோட புது மாப்பிள்ளை மாதிரி உக்காந்திருக்கான். நாம இங்க! காசு வெளையாடியிருக்கு மேடம். எடம் ஒதுக்கினது அந்த ஜோலீன் அம்மாதான். போய் நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்.”

“விடுப்பா. விழாக் கமிட்டியில எல்லாரும் சும்மா வந்து வேலை செய்யறவங்க. நல்ல நாளும் அதுவுமா சண்டை எதுக்கு?” என்றார் ஆர்லீன் சாதுவாக. இப்படி ஒரு அப்பாவியை வைத்துக்கொண்டு எப்படி ஜெயிப்பது என்று அவனுக்கு அழுகையே வந்தது.

அவர் காலைப் பார்த்ததும் அந்த அழுகையும் நின்றுபோனது. கொளுத்துகிற வெயிலில் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ்!

“நான் வாங்கிக் குடுத்த வெள்ளை ஷூ எங்க மேடம்? டிவிக்காரங்க வந்திருக்காங்க!”

“அது கால கடிக்குதுப்பா.”

வெண்டலின் கார் அவர்களைக் கடந்து முன்வரிசைக்குப் போனது. “ஆர்லீன், பாத்து நடங்க, வழுக்கும்!” என்று தொப்பியைத் தூக்கி ஆட்டினார் அவர். காரில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பேண்டு முழங்க ஊர்வலம் நகர்ந்தது. முதல் திருப்பத்திலேயே முதல் குதிரை தன் கடமையை ஆற்றியது. அதைப் பார்த்து மற்ற குதிரைகளும் தாராளம் காட்டின. லத்தி அள்ள வருகிற குதிரைச் சங்கத்து ஆட்களை இந்த வருஷம் ஏனோ காணவில்லை.

ஆர்லீன் பின்னால் ஊர்ந்து வந்த, தன் பெயர் எழுதிய பழைய பிக்கப் வண்டிக்குப் போனார். பனி வாரும் அகலமான மண்வாரியையும் ஒரு வாளியையும் எடுத்துக்கொண்டு நடுத்தெருவுக்கு வந்தார்.

“ஐயையோ, வேணாம் மேடம்! கேமரா!” என்று டெரிக் பாய்வதற்குள் அவர் குனிந்து அள்ள ஆரம்பித்துவிட்டார்.

தெருவோரம் மடக்கு நாற்காலியில் இருந்த ஒரு பெரியவர் கத்தினார். “ஏம்மா! அரசியல்வாதிங்க போட்டுட்டுத்தான் போவாங்க. நீ அள்ளிக்கிட்டுப் போறியே!”

“சட்டசபையில பதினாறு வருஷமா இதத்தாண்ணே அள்றேன். அங்க நாத்தம் இதவிட ஜாஸ்தி!”

சிரிப்பில் தெருவே அதிர்ந்தது. “ஆர்லீன், இந்தப் பக்கமும் கொஞ்சம் கெடக்கு!” என்று ஒரு குரல். “இருங்க, வர்றேன். எல்லா வட்டாரத்தையும் ஒண்ணாத்தான் கவனிப்பேன்!” என்று இவர். “இந்தம்மாவ தலைநகருக்கு அனுப்பினா அங்கயும் கூட்டிப் பெருக்கும்டி!” என்று இரண்டு பெண்கள் ஒருத்தி முதுகில் ஒருத்தி தட்டிக்கொண்டார்கள்.

டிவி கேமரா வெண்டலை அம்போவென்று விட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடி வந்தது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று வெண்டல் காரில் எழுந்து நின்று கழுத்தை நீட்டிப் பார்த்தார். அவரைத்தான் பார்க்க ஆளில்லை.

ஊர்வலம் முடிகிற இடத்தில் ஆர்லீனைச் சுற்றி ஈ மொய்ப்பது போல் நிருபர்கள். “கவர்னரானா மொதல் வேலையா என்ன செய்வீங்க?” என்று ஒருவர் மைக்கை நீட்டினார்.

“மொதல்ல சோப்புப் போட்டுக் கை கழுவணும்!”

மறுபடி ஒரே சிரிப்பு. அவர் பெயரே தெரியாமல் இருந்த ஊரில் “ஆர்லீன்! ஆர்லீன்!” என்ற கோஷத்தைக் கேட்டதும் டெரிக்கும் சேர்ந்து கை தட்டினான். திங்கட்கிழமை இனி யாரும் விலக வேண்டியதில்லை.

ஆனாலும் அவன் மனசு ஆறவில்லை. ஏதோ கடவுள் புண்ணியத்தில் கெட்டது நல்லதாக முடிந்தது. அதற்காக, ஒரு நல்ல மனுஷியைச் சாணிக்குள் தள்ளியவர்களைச் சும்மா விடுவதா?

கூட்டத்தை விலக்கிக்கொண்டு விழாக் கமிட்டி ஜோலீன் வேர்க்க விறுவிறுக்க வந்தார். டெரிக் குறுக்கே போய் நின்றான். “ஏங்க, மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா உங்களுக்கு? யார் சொல்லி இப்படிப் பண்ணீங்க?”

ஜோலீன் அவனை ஒதுக்கித் தள்ளிவிட்டு ஆர்லீனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க கேட்ட மாதிரியே குதிரைக்கு நேர் பின்னாடி போட்டுட்டேன், எடம் வசதியா இருந்துச்சா மேடம்?”