யெஸ்ஸுக்கு வாய்தா

“மாமா, அந்த ‘யெஸ்’ஸை மட்டும் அழுத்த விடுங்களேன்!”

“முடியாது.”

கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியைப் போட்டு, கோர்ட்டில் உட்காருவது போலவே உட்கார்ந்திருந்தார் மாமனார். பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர்.

விஷயம் இதுதான். குழந்தைக்குப் பால் பத்தவில்லை, திட உணவு ஆரம்பிக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தொண்டையில் சிக்கினால் என்ன செய்வது? மருமகளுக்கு அந்தப் பயம். குழந்தை வளர்ப்பு டிவிடி ஒன்றை வாங்கி வந்து, அதைப் பார்க்காமல் ஒரு வாய்கூட ஊட்ட மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றாள்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்ததோ விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸ். அவள் கணவன் ஆசை ஆசையாகப் போட்டது. டிவிடியை உள்ளே தள்ளினால் படம் வரவில்லை.

“திறந்த மென்பொருள், திறந்த மென்பொருள்னு பீத்திக்கிட்டியே, இது மட்டும் ஏன்டா திறக்கல?” என்றாள் மாமியார்.

“காப்பி எடுக்க முடியாதபடி டிவிடியில பூட்டு இருக்கும்மா. அதைத் திறக்கிற புரோகிராமைத் தனியாப் போடணும்.”

போட்டான். எல்லாம் முடிகிற நேரத்தில் திரையில் ஓர் அறிவிப்பு.

‘சில நாடுகளில் இதற்குச் சட்டத்தில் அனுமதி இல்லாமல் இருக்கலாம். தொடரலாமா? யெஸ், நோ.’

அங்கேதான் மாமனார் நுழைந்தார்.

“சில நாடுகள்னா எந்தெந்த நாடு? நம்ம நாடு அதுல உண்டா, இல்லையா?”

“அதெல்லாம் யாருப்பா பார்க்கிறாங்க? எல்லாரும் யெஸ்தான் அழுத்துவாங்க.”

“‘எல்லாரும் செய்றாங்க’ன்னு சொன்னவங்களைத்தான் சர்வீஸ் முழுக்கக் கூண்டுல பார்த்தேன். வாய்தா! வக்கீலைக் கேட்கிற வரைக்கும் யாரும் இதைத் தொடக்கூடாது.”

“கல்யாணத்தன்னிக்கே என் வயசுக்குச் சான்றிதழ் கேட்ட மனுஷன். இவர்கிட்டப் போய்ப் பேசறியே” என்று மாமியார் மருமகளை இழுத்தாள்.

மருமகளுக்கு அழுகை முட்டியது. “சட்டம் பெருசா மாமா, பேரன் பெருசா?”

அவர் எழுந்தார். ஒரு துணியை எடுத்துக் கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு பட்டனாக, அழுத்தாமல், பதமாக.

“அடுப்பு மேடையை ஒரு நாள் இப்படித் துடைச்சதுண்டா?” என்றாள் மாமியார்.

மறுநாள் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டு மூவரும் திரும்பியபோது, மாமனாரின் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே டப்... டப்... என்று சத்தம்.

“கொசு அடிக்கிறார். அதுக்கு மட்டும் வாய்தா கிடையாது, உடனே தீர்ப்பு!” என்றாள் மாமியார்.

குழந்தை கத்த ஆரம்பித்தான். மாமியாருக்குப் பொறுமை போய்விட்டது. வாழைப்பழத்தைப் பிசைந்தாள். “டிவிடி பார்த்தா நான் பிள்ளை வளர்த்தேன்?”

“வேண்டாம் அத்தை!”

அதற்குள் மாமியார் ஊட்டிவிட்டாள். அழுகை பட்டென்று நின்றது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. முகம் கன்றிச் சிவந்தது.

“ஐயோ, என் பிள்ளை!”

கதவு படாரென்று திறந்தது. மாமனார் ஓடி வந்து குழந்தையை வாங்கினார். முன்கையில் குப்புறப் போட்டார். தலையைத் தாழ்த்திப் பிடித்தார். உள்ளங்கையின் அடிப்பகுதியால் முதுகின் நடுவில் ஓங்கித் தட்டினார். டப். டப்.

வாழைப்பழத் துண்டு மாமியாரின் மடியில் வந்து விழுந்தது. குழந்தை வீல் என்று அலறினான். அத்தனை பேருக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

“எங்க மாமா கத்துக்கிட்டீங்க?”

மகன் அப்பாவின் அறைக்குள் எட்டிப் பார்த்தான். கட்டிலில் ஒரு தலையணை, குழந்தையின் சட்டையைப் போட்டுக்கொண்டு குப்புறக் கிடந்தது. முதுகு கிழிந்து பஞ்சு பிதுங்கியிருந்தது.

ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைப் பார்த்தான். டிவிடி ஓடி முடிந்து நின்றிருந்தது.

“அப்போ வக்கீல் சரின்னுட்டாரா மாமா?” மருமகள் குழந்தையை இறுக்கிக்கொண்டு கேட்டாள்.

“அவர் போனையே எடுக்கலம்மா.”

“அப்புறம்?”

மாமனார் வாசல் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“கீபோர்டுல உங்க எல்லார் கைரேகையையும் துடைச்சுட்டேன். யெஸ்ஸுல இருக்கிறது என் ரேகை மட்டும்தான். நாளைக்கு கேஸுன்னு வந்தா உள்ள போக நான் இருக்கேன். குழந்தைக்கு அம்மா வேணும்ல?”