பத்து நிமிஷம் முந்தி

“நீங்க ஒரு தடவை வாயைத் திறந்தா அஞ்சாயிரம் போகும். ஞாபகம் வச்சுக்குங்க” என்று ஷோரூம் வாசலிலேயே எச்சரித்தாள் மனைவி.

அவர் தலையாட்டினார். ஆனால் அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவர். பிழை கண்ணில் பட்டுவிட்டால் அவர் வாய் அவர் பேச்சையே கேட்காது.

பழைய காரைக் கொடுத்துவிட்டுப் புதுசு எடுப்பதாக ஏற்பாடு. டை கட்டிய விற்பனையாளர் காரை இரண்டு சுற்றுச் சுற்றி வந்து, மேசைக்கு எதிரே அவர்களை உட்காரவைத்து உதட்டைப் பிதுக்கினார். “பதினாலு வருஷ வண்டி மேடம். அறுபதாயிரம் போடலாம்.”

“அறுபதா? அப்போ நாலு டயரை மட்டும் கழட்டிக்குங்க. மிச்சத்தை நாங்க ஓட்டிட்டுப் போறோம்.”

டைக்காரர் சிரித்துவிட்டார். “சரி, குறை ஏதாவது உண்டா?”

அவள் ‘இல்லை’ என்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். “இடது பக்கம் திருப்பினா ஹாரன் தானா அடிக்கும்.”

மேசைக்கு அடியில் மனைவி அவர் காலை மிதித்தாள். மேலே முகம் மட்டும் மலர்ந்தபடி இருந்தது. “அது குறையா சார்? எதிர்ல வர்றவனுக்கு எச்சரிக்கை! உங்க புது வண்டியில இந்த வசதி இருக்கா?”

“முன்சீட்டுக் கண்ணாடி இறங்காது” என்றார் அவர்.

“நான் உட்கார்ற பக்கம் அது. பதினாலு வருஷமா என் தலை கலையலை, பாருங்க!”

மிதிபட்ட காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, “கடிகாரம் பத்து நிமிஷம் முந்தி ஓடும்” என்று பட்டியலை முடித்தார்.

“அதுவா ஓடலை, நான்தான் ஓட வச்சேன். இந்த மனுஷன் எங்கேயாவது நேரத்துக்குப் போயிருக்கார்னா, அது அந்தப் பத்து நிமிஷம் போட்ட பிச்சை!”

அதற்கப்புறம் அறுபது எழுபதானது. அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு கதவு வரைக்கும் போனதில் எழுபத்தைந்தானது. இரண்டாம் முறை போனதில் எண்பத்தைந்து. “இன்னிக்கே வண்டியை விட்டுட்டுப் போறதா இருந்தா சரி. புதுசு வர ஒரு மாசம் ஆகும்” என்று டைக்காரர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். “மேடம், நீங்க இங்கேயே வேலைக்கு வந்துடுங்க. என் நாற்காலியைத் தந்துடறேன்.”

சாவியைக் கொடுத்துவிட்டு, எண்பத்தைந்தாயிரத்தை ரொக்கமாக வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வீடு திரும்பினார்கள். “உங்க வாய்க்கு மூணு குறை. என் வாய்க்கு இருபத்தஞ்சாயிரம். யாரு கெட்டிக்காரி?” என்று விக்கல் எடுக்கும்வரை சிரித்தாள். முன்னால் உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்து, காரணம் தெரியாமலே தானும் சிரித்தார்.

மூன்று வாரம் கழித்து அவர் மட்டும் ஷோரூமுக்கு வந்தார்.

“புது வண்டி வேண்டாம். எங்க பழைய வண்டி இருக்கா, வித்துட்டீங்களா?”

டைக்காரருக்குக் குஷி பிறந்துவிட்டது. “மேடம் மனசு மாறிட்டாங்களா? பின்னாடிதான் நிக்குது. ஆனா அவங்க பேசின விலை எண்பத்தஞ்சு. கமிஷனே வேண்டாம், ஆனா ஒரு பைசா குறைக்க மாட்டேன்.”

“இடது பக்கம் திருப்பினா ஹாரன் அடிக்குமே?”

“அது குறையா சார்? எதிர்ல வர்றவனுக்கு எச்சரிக்கை!” டைக்காரர் அவளைப் போலவே கையை ஆட்டினார்.

“கண்ணாடி இறங்காதே?”

“பதினாலு வருஷமா மேடம் தலை கலையலையே!”

அவர் நாற்காலியை இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். “கடிகாரம்?”

“நீங்க நேரத்துக்குப் போறதே அந்தப் பத்து நிமிஷம் போட்ட பிச்சைன்னு மேடமே சொன்னாங்களே!”

“இன்னொரு தடவை சொல்லுங்க.”

சொன்னார். இரண்டு பேரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். டைக்காரர் மூச்சு வாங்கியபடி, “போதும் சார், என்னால முடியலை. எண்பது குடுங்க. மேடம்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க” என்றார்.

“குறைக்காதீங்க. அவ பேசின விலை அப்படியே இருக்கட்டும்.” எண்பத்தைந்தையும் மேசைமேல் வைத்தார். “அவ போய் இன்னியோட பதினெட்டு நாள் ஆச்சு. நான் அழுதுடுவேனோன்னு பயந்து வீட்டுல யாரும் அவ பேச்சையே எடுக்கறதில்லை. அதான் உங்ககிட்ட வந்தேன்.”

பின்னால் போய்க் காரில் ஏறிச் சாவியைத் திருப்பினார். கடிகாரம் பத்து நிமிஷம் முந்தித்தான் ஓடிக்கொண்டிருந்தது.