அழிறப்பர்

பழைய மடிக்கணினியின் பொத்தானை றிம்ஸான் மறுபடி அழுத்துகிறான். விசிறி சற்றுச் சுழன்று நின்றுபோகிறது. கரவெட்டியிலிருந்து பஸ்ஸில் வந்த குலசிங்கம் கணினி திருத்தும் அந்தக் கடைக்குள் காத்திருக்கிறார். இறந்துபோன மனைவி தனியாக நிற்கும் ஒரே படம் இந்த மடிக்கணினிக்குள் இருக்கிறது. முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்காக அச்சகம் அதை இன்றே கேட்கிறது. "நேற்றைக்கு வேலை செய்தது, தம்பி." "வரும், போகும் ஐயா. எங்கடை கறண்ட் மாதிரி." றிம்ஸான் அடிமூடியைக் கழற்றி, உள்ளிருக்கும் சிறு நினைவகத் தகட்டை எடுத்து, பள்ளிக்கூட அழிறப்பரால் விளிம்பைத் தேய்த்து மாட்டுகிறான். பொத்தானை அழுத்தத் திரை ஒளிர்கிறது. அசைந்தால் அணைந்துவிடுமென்று இருவரும் மேசையைத் தொடவில்லை. படம் பென்டிரைவுக்குப் போய்ச் சேர்கிறது. படத்தில், கோழிக்கூட்டருகே நின்று, படமெடுப்பவரை அவள் ஏசிக்கொண்டிருக்கிறாள். "சரி ஐயா. கணினியை நிப்பாட்டவோ?" குலசிங்கம் கதிரையை மேசைக்கு இழுத்து உட்காருகிறார். "அவசரமில்லை தம்பி. கொஞ்சம் இருக்கட்டும்."