ஜீரோவில் தொடங்காத கோடு

எல்லாரும் சௌக்கியமா? முழங்கால் வலியெல்லாம் மட்டுப்பட்டிருக்கா? இந்தக் கூத்தைக் கொஞ்சம் பாருங்களேன்.

மத்தியான வெயில் ஆய்வக மேசையில் சாய்ந்து விழுகிறது. கல்யாணத்துக்குப் பிறகு படிக்க வந்த அண்ணியும், அதே வகுப்பு நாத்தனாரும் ஜோடியாகச் செய்முறைத் தேர்வில் நிற்கிறார்கள். இதில் தேறினால்தான் அண்ணிக்கு வேலை. லாப்லாஸ் என்ற கணித முறையில் அவள் போட்ட கணக்குப்படி, மின்சாரத்தைத் தேக்கும் கெபாசிட்டரின் வோல்டேஜ் ஜீரோவிலிருந்து ஏற வேண்டும். வோல்டேஜைக் காட்டும் கருவியின் திரையில் பச்சைக் கோடோ பாதி உயரத்திலிருந்து கிளம்புகிறது. "கணக்குல தப்பே இல்லடி" என்று பென்சிலைக் கடிக்கிறாள். "முன்னாடி ஒத்திகை பார்த்தீங்களே அண்ணி, அப்ப கெபாசிட்டர்ல ஏறின சார்ஜை இறக்கினீங்களா?" அண்ணி நெற்றியில் அடித்துக்கொள்கிறாள். "அடிப்பாவி, அப்பவே சொல்றதுக்கென்ன?" "சொன்னா, நாத்தனார் குத்தம் கண்டுபிடிக்கிறான்னு வீட்டுல பேச்சு வரும்." மின்விசிறிக் காற்றில் தாள் படபடக்கிறது. அதை முழங்கையால் அழுத்திக்கொண்டு, மிச்சமிருந்த வோல்டேஜையும் சமன்பாட்டில் கூட்டி, அண்ணி வளைவைத் திருத்தி வரைகிறாள். இப்போது அதுவும் பாதி உயரத்தில்தான் தொடங்குகிறது. பேராசிரியர் வந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்கிறார். மேசைக்கடியில் அண்ணி நாத்தனாரின் காலை லேசாக மிதிக்கிறாள்.

உங்க வீட்டு நாத்தனார் எப்படி? எழுதுங்களேன்.