நூற்றுப் பதினெட்டாவது புள்ளி

வரைபடத்தில் நூற்றுப் பதினேழு சிவப்புப் புள்ளிகள் இருந்தன. கப்டன் ஒவ்வொன்றிலும் விரல் வைத்துப் பார்த்தான்.

மயிலிட்டித் துறைமுகம். கொடிகாமம் சந்தை. தபாற்கந்தோர், ஆஸ்பத்திரி, சங்கக்கடை. புத்தூரில் மட்டும் பதினொன்று.

குண்டு வைக்க நினைப்பவன்கூட இவ்வளவு ஒழுங்காக இடம் குறித்திருக்க மாட்டான்.

முகாமின் விறாந்தையில் குணலட்சுமி வெறுங்காலோடு நின்றாள். சப்பாத்துக் கால்கள் ஏறி இறங்கும் படியில் அவள் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் விலங்கியல் படிப்பிப்பவள். பள்ளிக்கூடம் போகும் வழியில், முகாம் வாசலில் பையைக் கொட்டிச் சோதித்தபோது வரைபடம் அகப்பட்டுவிட்டது.

இரண்டு வருடத்து உழைப்பு. கிழித்துப் போட்டால் போச்சு. அவளைப் பிடித்து வைத்தாலும் கேட்பாரில்லை.

“டீச்சர், இதை யாருக்குக் குடுக்க வரைஞ்சீங்க?”

கப்டன் மதுரைப் பக்கத்துக்காரன். இந்தியப் படையில் தமிழ் தெரிந்தவன் என்பதால் ஊர் விசாரணையெல்லாம் அவன் தலையில்தான் விழுந்தது.

“ஒருத்தருக்குமில்லை. எறும்பு இருக்கிற இடங்கள். கடியாத சின்னக் கறுத்த எறும்பு. கப்பலிலை ஏறி உலகமெல்லாம் போனது. பத்தைக்குள்ளை தேடினால் அருமை. மனிசர் புழங்கிற இடத்திலைதான் இருக்கும்.”

அவன் சிரித்தான். குணலட்சுமிக்குப் பயம் இருந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டதும் பயத்தை எரிச்சல் முந்திக்கொண்டது.

“அப்போ எங்க கேம்ப்ல மட்டும் ஏன் புள்ளி இல்ல? எறும்புக்கும் எங்களைக் கண்டா பயமா?”

மேசையில் கிடந்த அவனுடைய சிவப்புப் பேனையைக் கேளாமலே எடுத்தாள். முகாம் இருந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தாள், மற்றவற்றைவிடக் கொஞ்சம் பெரிதாகவே.

“குசினியிலை, சன்னலுக்குக் கீழை சுவரிலை ஒரு வெடிப்பு. ஆளை விட்டுப் பாருங்கோ.”

சிப்பாய் ஒருவன் உள்ளே சமையலறைக்குப் போனான். திரும்பி வந்து கையை நீட்டிக் காட்டினான். இரண்டு எறும்புகள் அவன் மணிக்கட்டைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தன.

கப்டனின் சிரிப்பு நின்றது. கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். முகாமுக்குள் வேவு பார்த்துச் சொன்னது யார் என்று கேட்டான்.

குணலட்சுமி வரைபடத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“ஒருத்தரும் சொல்லேல்லை. அந்த வெடிப்பைப் பூசித் தாங்கோ எண்டு என்ரை மனிசனிட்டை மூண்டு வருசமாய்ச் சொன்னனான். அதுக்குள்ளை நீங்கள் வந்து எங்களைக் கிளப்பிப் போட்டியள். உது என்ரை குசினி, தம்பி.”