தலைக்கு ஒரு செடி

மொட்டைமாடியில் தலைக்கு ஒரு கஞ்சாச் செடி வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்ததிலிருந்து பரமானந்தத்துக்கு அதுதான் பொழுதுபோக்கு. இரண்டு தொட்டிகளில் ஒன்று அவருடையது, மற்றது மனைவி புனிதவதியுடையது. மூட்டு அறுவைச் சிகிச்சைக்குக் கிளம்பும்போதுகூட, "தண்ணிய ஊத்தி ஊத்தி என் செடிய அழுக வெச்சிடாதீங்க" என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் அவர் வேப்பம்புண்ணாக்கு வைத்துக்கொண்டிருந்தபோது அரசாங்க ட்ரோன் இறங்கி, புனிதவதியின் செடியை வேரோடு பிடுங்கியது. பரமானந்தத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகரந்தம் பரப்பி மற்ற செடிகளைக் கெடுக்கும் ஆண் செடிகளைத்தான் இப்படிப் பிடுங்குவார்கள். ட்ரோன் இதையும் ஆண் என்று நினைத்துவிட்டது.

"கண்ணத் தொறந்து பாரு. பூவுல வெள்ளை நார் வந்திருக்கு. இது பொண்ணு."

"செடியில் குறை இல்லை, ஐயா. தலைக்கு ஒன்றுதான் அனுமதி" என்றது ட்ரோன்.

"இந்த வீட்ல நாங்க ரெண்டு பேரு."

"இப்போது ஒருவர்தான், ஐயா."

ட்ரோன் செடியோடு எழும்பிப் போனது. சட்டைப்பையில் போன் அடித்தது. திரையில் மருத்துவமனையின் பெயர். பரமானந்தம் அதை எடுக்கவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சிதறிக் கிடந்த மண்ணைக் கையால் கூட்டி அள்ளி, காலித் தொட்டிக்குள் போட்டு அழுத்தத் தொடங்கினார்.